தட்டியது யார் கை

ஏழு லாரிக்கு முதலாளி நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. முதல் லாரியை நான் ஏலத்தில் எடுக்க முடியாமல் செய்தவர் சித்தூர் தந்தி ஆபீஸ்காரர். ஒல்லி மனிதர். கம்பியில் வரும் சத்தத்தைக் காதால் கேட்டே எழுதுவார்; தட்டும் விதத்தை வைத்தே அந்தப் பக்கம் தட்டுவது யார் என்றும் சொல்லிவிடுவார். பேசும்போதும் விரல் மேஜையைத் தட்டும். மெட்ராஸிலிருந்து எனக்கு வந்த தந்தி மணியார்டரை அன்று தர மறுத்தார்.

“மெட்ராஸ்ல தினம் தட்டறவன் கை எனக்குத் தெரியும் நைனா. இது வேற கை. விசாரிச்சிக்கினு நாளைக்குத் தரேன்.”

“ஏலம் இன்னிக்கு சார்! கையப் பாத்தா காசு குடுப்பே?”

மறுநாள் விசாரித்ததில், அங்கே தட்டியவர் வேலைக்குப் புதியவர், அவ்வளவுதான். லாரி போனது.

போன மாதம் எவனோ என் போன் வழியாகப் பணத்தை உருவிவிட்டான். “உங்க நம்பர்லருந்துதான் போயிருக்கு” என்றார்கள் திருப்பதி பேங்கில்.

“தட்டினது என் கை இல்லடா!” என்று கத்தினேன். ஒருவரும் நிமிரவில்லை. அந்த ஒல்லி மனிதர் நிமிர்ந்திருப்பார். அதற்கும் அவர்மேல்தான் கோபம் வருகிறது.