ஏணியின் அடியில் இருந்த முத்திரை

பிள்ளைகளே, இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. பாதிக் கோபம் என்மேல்.

மகளின் பிறந்தநாளுக்குக் குமணன்சாவடி கடை ஒன்றில் இரண்டு சங்கு நண்டுகள் வாங்கினோம். மெத்தென்ற உடம்பைக் காலிச் சங்குக்குள் நுழைத்துக்கொண்டு, அந்தச் சங்கையே தூக்கித் திரியும் சின்ன நண்டுகள். தொட்டியில் விட்டதும் இரண்டும் மூலைக்குப் போய்க் கண்ணாடியைப் பிறாண்டின.

"நைனா, அதுங்க ஏறப் பாக்குதுங்க. ஏற ஒண்ணுமே இல்ல," என்றாள் மகள். நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். பச்சைச் சாயம் அடித்த கம்பி ஏணியை நீட்டினார். நகத்தால் சுரண்டினேன், உரிந்து வந்தது.

"சாயம் உரியுதே, நண்டு வாயில போனா?"

"நண்டு வந்து உன்னாண்ட சொல்லிச்சா? வோணுமா வாணாமா, அத்த சொல்லு."

வாங்காமல் வந்துவிட்டேன். அந்தக் கோபம் நியாயமானது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் மோசம்.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்கள் வீட்டில் பாதிச் சாமான் பேக்கிங் மரத்தில் செய்ததுதான். வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்திறங்கும் பெட்டியை உடைத்தால் வெள்ளை வெளேரென்று பலகை கிடைக்கும். செருப்பு அலமாரி, கோழிக்கூண்டு, எங்கள் வீட்டுச் சாமிப் பலகை எல்லாம் அதுதான். சாயம் இல்லாத மரம்தானே என்று பெருமையாக ஒரு ஏணி செய்து வைத்தேன். இரண்டும் ஏறின. மகள் கைதட்டினாள்.

ஐந்தாம் நாள் ஒரு நண்டு சங்கை விட்டு வெளியே கிடந்தது. தோல் உரிக்கிறது போலும் என்று சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் அழுகிய மீன் நாற்றம் அடித்தது; செத்துப்போயிருந்தது.

மகள் அழவில்லை. ஏணியை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கடைசிப் படியின் அடியில் கறுப்பு முத்திரை.

"இது இன்னா?"

என் வேலையே அந்த முத்திரையைப் பார்ப்பதுதான். வெளிநாடு போகும் பெட்டிகளில் அது இருந்தால்தான் லாரியில் ஏற்ற விடுவேன். மரத்தில் இருக்கும் பூச்சி சாகச் சூடேற்றியோ விஷப்புகை போட்டோ ஆயிற்று என்று அதற்கு அர்த்தம்; இதில் இருந்தது விஷப்புகைக்கான எழுத்து. சொன்னேன்.

"தெரிஞ்சேவா வெச்ச?"

தெரிந்துதான். ஆனால் வேலையில் தெரிந்தது வீட்டில் ஞாபகம் வரவில்லை. கொன்றது புகையா, மரத்தின் பிசினா, வேறு ஏதாவதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தேகமான மரத்தை வைத்தது நான் என்பது மட்டும் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "ஒரு நண்டுக்கா மூஞ்ச தூக்கி வெச்சுகினு கீற? வேப்பங்குச்சி வெய்யி மச்சான், சாமி மரம்."

உள்ளேயிருந்து என் மனைவி கத்தினாள். "பூச்சிய ஓட்டத்தானே அரிசில வேப்பிலை போடறோம்? மிச்சம் இருக்கறதயும் கொல்லணுமாண்ணா?"

மிச்சம் இருந்தது ஒன்றுதான். இரண்டு நாளாகச் சங்குக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. தொட்டால் மட்டும் ஒரு கால் அசையும்.

அது ஏறுவதற்காக ஒரு கொட்டாங்குச்சியில் ஒட்டியிருந்த தேங்காயைச் சுரண்டி எடுத்தேன். கயிற்றுக் கடைகளில் சாயம் போடாத, மருந்து தடவாத தென்னை நார்க் கயிறு கேட்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். "நார்ல இன்னா மருந்து, போ நைனா," என்று சிரித்த கயிற்றுக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். இரண்டையும் கொதிக்க வைத்து, மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயவிட்டேன்.

மகள் கொட்டாங்குச்சியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். கயிற்றை முகர்ந்தாள். இரண்டையும் கட்டி நண்டுத் தொட்டிக்குள் தொங்கவிட நான் கை நீட்டினேன்.

"நீ தொடாத. நானே கட்டறேன்."

அவள் போட்ட முடிச்சு தொளதொளவென்று இருந்தது. நான் தள்ளி நின்றேன். மறுநாள் சாயங்காலம் அந்த நண்டு கயிற்றைப் பிடித்து, பாதி ஏறி, வழுக்கி, மறுபடியும் ஏறியது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. அம்மாவைத்தான் கூப்பிட்டாள்.