முகம் திரும்பி வரும் என்ற ரெஜினா டாக்டரம்மா

எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் எனக்குப் பேச்சே வராது. பெரிய பேரன் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போகிறான். சின்னவன் கபடியில் மெடல் வாங்கினான். பேத்தி தேன்மொழி நர்சிங் படிக்கிறாள், வகுப்பில் முதல். அவள்தான் போன வாரம் போனில் சொன்னாள்: "ஆயா, நம்ம ரெஜினா டாக்டர் இறந்து போயிட்டாங்க." பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களுக்கான இந்த வாட்ஸ்அப் குரூப்பில் நானும் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பிரஷர் பார்த்துப் பழகும்போது தேன்மொழியின் இடது கையில் ஒன்றும் காட்டவில்லை. மெஷின் பழுது என்று சிரித்தார்களாம். எனக்கு மனசு கேட்கவில்லை, டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. ரத்தக்குழாய்தான் அழற்சியில அடைச்சிக்கிட்டு வருது." விட்டால் கைக்கும் ஆபத்து, மூளைக்குப் போகும் குழாய்க்கும் ஆபத்து என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பூ வாங்க வந்த ஒரு நாள் என் கடை முன்னால் நின்றே விளக்கினார். அவர் ஆராய்ச்சியும் அதில்தானாம்.

"குழாய்ச் சுவத்துல மென்தசைச் செல்லுன்னு இருக்கும்மா. சுருங்கி விரிஞ்சி ரத்தத்துக்கு வழி விடறதுதான் அதுங்க வேலை. அழற்சி வந்தா வேலைய மறந்துட்டு, பெருகி, உள்பக்கமா நகர்ந்து நாரு நாரா கட்டிக்கும். பண்டிகைக் கூட்டம் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கூடைய முன்னால தள்ளி வெப்போம்."

"எல்லாரும் தள்ளினா?"

எதிர்க்கடை சரோஜா சிரித்தாள். "அப்புறம் எறும்புகூடப் போவாது டாக்டரம்மா!"

"அதேதான். மாத்திரை கூட்டத்த அடக்கும். முன்னால வந்த கூடை பின்னால போறது கஷ்டம். புதுசா வராம பாத்துக்கலாம்."

அந்த மாத்திரையால் தேன்மொழிக்கு முகம் உப்பியது. ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார், "என்னாடி, மூஞ்சி பூரி மாதிரி ஆயிடுச்சி?" என்றாள். அன்றிலிருந்து போட்டோவும் இல்லை, மாத்திரையும் இல்லை. விஷயம் தெரிந்தும் டாக்டரம்மா திட்டவில்லை. அந்த இடது மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார்.

"முகம் திரும்பி வரும் கண்ணு. அடைஞ்ச குழாய் அப்படி வராது. நீ எதக் காப்பாத்தப் போற?"

அவர் எதிரிலேயே மாத்திரையை விழுங்கினாள்.

இப்போது, "வேற டாக்டர்கிட்ட போவ மாட்டேன் ஆயா" என்கிறாள். போவாள். நான் கூட்டிப் போவேன். டாக்டரம்மாவின் அந்தக் கேள்வியை நான் வைத்திருக்கிறேன். அவள் தயங்கும்போதெல்லாம் கேட்பேன்.

தேன்மொழி, இதை நீயும் படிப்பாய். குரூப்பில் உன் படம் பழையது, முகம் உப்புவதற்கு முன்னால் எடுத்தது. புதிதாக ஒன்று எடு. உப்பிய முகம் முழுசாகத் தெரியட்டும், இடது கையைத் தூக்கி நில். இந்தக் குரூப்பில் போட்டிருக்கும் டாக்டரம்மா படத்துக்குக் கீழேயே போடு.