கடலுக்கு மேல சுத்தின விமானம்

போன வருஷம், ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, காத்திவாக்கத்துல எங்க வூட்டு மொட்டை மாடியில நடந்தது இது. நாங்க மீன்பிடிக் குடும்பம். வூட்டுக்காரருக்குச் சொந்தமா ஒரு போட்டு இருக்கு. ஒரே பொண்ணு, விமானம் ஓட்டுறா. எங்க தெருவுல பாதிப் பேரு இதை இன்னும் நம்பல. "உள்ள தண்ணி பாட்டில் குடுக்குற வேலையா இருக்கும்"னு கிண்டல் பண்ணுவாங்க. நான் சிரிச்சுட்டுப் போயிடுவேன். வூட்டுக்கு வந்துதான் பாத்திரத்தை டமால் டமால்னு வைப்பேன்.

அந்த வாரம் பூரா கடலுக்கு மேல போர் விமானங்க பயிற்சி எடுத்துகினு இருந்துச்சு. ஜோடி ஜோடியா தலைக்கு மேல சீறிகினு போவும். ஜன்னல் அதிரும், கோழிங்க கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். அன்னிக்குக் காலையில என் பொண்ணு விசாகப்பட்டினத்துலேர்ந்து விமானம் எடுத்துகினு வர்றா. "எங்க வர்றேன்னு நீயே பாத்துக்கோம்மா"ன்னு என் போன்ல ஒரு ஆப் ஏத்திக் குடுத்திருந்தா. அதுல அவ விமானம் சின்னதா, மஞ்சளா நகரும். எங்க கரைக்கு நேரா வர்றப்ப மாடிக்கு ஓடி அண்ணாந்து பாத்துட்டுத்தான் எனக்கு அடுத்த வேலை.

அன்னிக்கு அந்த மஞ்சள் பழவேற்காடு வரைக்கும் ஒழுங்கா வந்துச்சு. அப்புறம் கடல் பக்கம் திரும்பிச்சு. ஒரு சுத்து. மறுபடியும் ஒரு சுத்து. ஒரு போட்டு ஒரே எடத்துல சுத்துதுன்னா எங்களுக்குத் தெரிஞ்ச அர்த்தம் ஒண்ணுதான், சுக்கான் போச்சு, திருப்ப முடியல. அதே கடலுக்கு மேலதான் அந்தப் போர் விமானங்களும் பறக்குது. போயி மோதிடுச்சுன்னா? "ஐயோ, என் பொண்ணு"ன்னு நான் கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கு.

போட்டு வரலைன்னா எங்க ஊருல யாரும் யாரையும் கூப்பிட வேணாம். தானா வந்து நிப்பாங்க, வர்ற வரைக்கும் வூட்டுக்குப் போவ மாட்டாங்க. அன்னிக்கும் கிண்டல் பண்ண வாயெல்லாம் மாடி ஏறி வந்து என்கூட நின்னுச்சு.

எதிர் வூட்டு அக்காவும் வந்துச்சு. அந்தக்கா வூட்டுக்காரரு கடலுக்குப் போனவரு, திரும்பவே இல்ல, உடம்பும் கெடைக்கல. அதுலேர்ந்து யாரு போட்டு வரலைன்னாலும் அந்தக்கா கதவைச் சாத்திகினு உள்ளயே இருக்கும். நாங்க யாரும் தப்பா நெனைக்கிறதில்ல. அப்படிப்பட்ட அக்கா படியேறி வந்து என் கையைப் பிடிச்சுகிச்சு.

"அழுவாத. நான் கீறேன்ல."

கொஞ்ச நேரத்துல போர் விமானச் சத்தம் தெக்கால போயி அடங்குச்சு. போன்ல அந்த மஞ்சள் சுத்துறதை விட்டு நேரா கெளம்புச்சு. வடக்கால வெள்ளையா விமானம் தெரிஞ்சதும் பொம்பளைங்க அத்தனை பேரும் முந்தானையை வீசுறாங்க, என்னமோ ஷேர் ஆட்டோவை நிறுத்துற மாதிரி!

எறங்கினதும் பொண்ணு போன் பண்ணா. நான் அழுதுகினே திட்டுறேன், அவ சிரிக்கிறா. "சுக்கானும் போவல, ஒண்ணும் போவல. பயிற்சி முடியிற வரைக்கும் காத்திருன்னு கீழேர்ந்து சொன்னாங்க. ஆகாசத்துல நிக்க முடியுமா, அதான் சுத்தினோம். கப்பல் உள்ள வர்ற சொல்லோ அப்பா போட்டை ஒதுக்கிக்குவாருல்ல, அதேதாம்மா."

அக்கா கையை நீட்டி போனை வாங்குச்சு. காதுல வெச்சுகிச்சு. அப்புறம் மெதுவா, "வந்துட்டியா கண்ணு?"ன்னுச்சு.

"வந்துட்டேன் பெரிம்மா."

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

அக்கா கேட்டுகினே இருந்துச்சு, என் பொண்ணும் சளைக்காம சொல்லிகினே இருந்தா.

இப்பல்லாம் அவ எறங்கினதும் முதல் போன் எதிர் வூட்டுக்குத்தான் போவுது. பெத்தவ எனக்கு அதுல துளிகூட வருத்தமில்ல, ஏன்னா அந்தக் கேள்விக்குப் பதில் வராமயே எத்தனையோ வருஷம் உக்காந்திருந்த மனுஷி அவங்க.