பேட்ச் போடாமல் விட்ட பத்து நாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அடுத்தவர் சோம்பேறித்தனத்தைக் கண்டால் இன்னும் வேகமாக வரும். ஆகவே என் சோம்பேறித்தனத்தைப் பற்றி ஒரு தடவையாவது எழுதிவிடுவதுதான் நியாயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூரில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்த்தேன். பெண், பிள்ளை ஜாதகங்களை வாங்கி வைத்துக்கொண்டு, பொருந்துகிறவர்களுக்குக் காட்டுவது அங்கே தொழில். முதலாளியை ஊரே மாமா என்று கூப்பிட்டது, நானும்தான். ஜாதகங்களை இணையத்தில் ஏற்றியது நான். அவை இருந்த கம்ப்யூட்டர் அமெரிக்காவில், மாத வாடகைக்கு. டெலிபோன் லைன் வழியாக அதற்குள் நுழைந்து கவனித்துக்கொள்வேன். லஸ் முனையில் பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்கும்போதுகூட, அமெரிக்காவில் நமக்கு ஒரு மெஷின் இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு மிதப்பு.

ஒவ்வொரு ஜாதகத்துக்கும் மாமா ஒரு எண் கொடுத்து, கவரில் பென்சிலால் சில வரிகள் எழுதி வைப்பார். வீட்டார் நம்பிச் சொன்ன சமாசாரங்கள். ‘முதல் நிச்சயம் நின்றுபோனது’, ‘அப்பா குடிப்பார்’ என்கிற மாதிரி. எதிர்த்தரப்பு போனில் விசாரித்தால், சொல்ல வேண்டியதை நாங்கள் சொல்வோம். இரண்டு வருஷத்துக்கு முன் இவற்றையும் நான் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றியிருந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒருமுறை படுத்துவிட்டதால், பத்திரத்துக்கு ஒரு பிரதியை அமெரிக்க மெஷினிலும் தனி ஃபோல்டரில் போட்டு வைத்தேன். இணையதளத்தில் அது தெரியாது. அதாவது, தெரியாது என்று நினைத்தேன்.

தை முதல் வாரத்தில் ஒரு மெயில் வந்தது. கேட்கிறவர்களுக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கிற அந்த சர்வர் மென்பொருளில் ஓட்டை இருக்கிறதாம். தளத்தின் முகவரிக்குப் பின்னால் இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு என்று நாலைந்து தடவை தட்டினால் போதும், யார் வேண்டுமானாலும் எந்த ஃபோல்டரையும் திறந்து படிக்கலாம். செய்தவர்களே அதை அடைக்க ஒரு பேட்ச் வெளியிட்டிருந்தார்கள். சர்வரை நிறுத்தி, ஒரு ஃபைலை மாற்றி, மறுபடி ஓட விட வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஆனால் மறுபடி ஓடாவிட்டால்? கடல் தாண்டிப் போய்ப் பொத்தானை அமுக்க ஆள் கிடையாது.

மாமாவிடம் சொன்னேன்.

“முகூர்த்த மாசத்துல கடையச் சாத்தச் சொல்றயேம்மா. எங்காத்துலகூட மாடிக் குழாய் ஒழுகிண்டுதான் இருக்கு. தை முடியட்டும்னு விட்டிருக்கேன். ஓட்டை இருக்குன்னு நமக்கே இப்பத்தான் தெரியும். வேற யாருக்குத் தெரியப்போறது?”

அந்தப் பேச்சில் ஒரு நியாயமும் இல்லை. ஆனால் எனக்குள்ளும் பயம் இருந்தது. பயத்துக்கு அவர் பெயரைப் போர்த்திவிட்டு, “சரி மாமா” என்றேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் சர்வரில் கண்டவர்கள் நுழையப் பிறந்தது.

பத்தாம் நாள் மனம் உறுத்தியது. மாமா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தேன். நிறுத்தினேன், மாற்றினேன், ஓட விட்டேன். நல்லபடியாக எழுந்துகொண்டது. புள்ளியும் சாய்கோடும் தட்டிப் பார்த்தேன். ‘அனுமதியில்லை’ என்றது. கை தட்டிச் சிரித்தேன். அதற்கப்புறம்தான், யார் யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைக்கிற பதிவைப் பிரித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஓட்டை வழியாக ஒருவர் வந்திருந்தார், சென்னையிலிருந்தே. ஆறு தடவை, எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில். ஆறு தடவையும் படித்தது ஒரே ஒரு பெண்ணின் குறிப்பை.

முப்பத்தொரு வயது. வீடு சைதாப்பேட்டை. நந்தனத்தில் ஒரு ஆபீசில் வேலை. குறிப்பில் இருந்தது: ‘வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறாள். கேட்டால் மட்டும் சொல்லவும்.’

எந்த மாப்பிள்ளை வீட்டான் படித்தானோ, யார் யாரிடம் சொல்கிறானோ. பேட்ச் போட்டதையும், யாரோ படித்துவிட்டதையும் மாமாவிடம் ஒப்புக்கொண்டேன்.

“அடைச்சாச்சோன்னோ? அப்பறம் என்ன? வாயைத் தொறக்காதே.”

மறுநாள் மத்தியானம் நந்தனம் போனேன். அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டு, ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் உட்கார வைத்து, ஓட்டையையும் பத்து நாளையும் சொன்னேன். உங்கள் உடம்பு விஷயத்தை யாரோ படித்துவிட்டார்கள், நீங்கள் உஷாராக இருக்க வேண்டும் என்றேன்.

“படிச்சது நான்தாங்க,” என்றாள். “எங்க ஆபீஸ் சர்வரைப் பாத்துக்கறது நான்தான். அதே மெயில் எனக்கும் வந்துச்சு. அன்னிக்கே பேட்ச் போட்டுட்டேன். என் ஜாதகம் உங்ககிட்ட கீதே, நீங்க போட்டீங்களான்னு பாத்தேன். போடலை.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே?” என்றேன். தப்பு என் மேல் இருக்கும்போதுதான் எனக்கு இப்படிக் குரல் உயரும்.

“பண்ணத்தான் இருந்தேன். அதுக்குள்ள என் ஜாதக நம்பர் கண்ணுல பட்டுச்சு.” டீயைத் தொடவே இல்லை. “எனக்கு வலிப்பே கிடையாதுங்க. ரெண்டு வருசமா வர்றவங்க எல்லாம் ஜாதகம் பொருந்துதுன்னு சொல்வாங்க, அப்புறம் பேச்சே இருக்காது. என் மூக்குதான் சரியில்லைன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். இதைப் படிச்சதும், சின்ன வயசுல வந்திருக்குமோ, அம்மா மறைச்சிட்டாங்களோன்னு ஒரே பயம். அம்மாவைக் கேக்க வாய் வரலை. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போயி, தலையில வயரெல்லாம் ஒட்டி டெஸ்ட் எடுத்தேன். ஒண்ணுமில்லைன்னாங்க. அப்பவும் நம்பிக்கை இல்லாம, திரும்பத் திரும்ப வந்து படிச்சேன்.”

அவள் ஜாதக எண் ஒன்பதில் முடிவது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா எட்டில் முடியும் எண்ணை எந்த ஜாதகத்துக்கும் கொடுக்க மாட்டார். கல்யாண காரியத்துக்கு எட்டு ஆகாது. ஏழுக்கு அடுத்தது ஒன்பதுதான். குறிப்புகளை நான் வரிசையாகத் தட்டிவிட்டு, எண்ணைக் கம்ப்யூட்டரே போடட்டும் என்று விட்டேன். அதற்கு எட்டும் ஒரு எண்தானே. ஒன்பதின் குறிப்பு எட்டுக்கும், பத்தின் குறிப்பு ஒன்பதுக்கும் போய்விட்டது. பின்னால் கவனித்துக் கட்டுக் கட்டாகத் திருத்தினேன். ஒரு கட்டு விட்டுப் போயிருக்கிறது. அதில் அடுத்த ஜாதகத்தின் குறிப்பு இவள் பெயரில் வந்து உட்கார்ந்துவிட்டது.

“என் தப்பு,” என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

“அப்ப அது யாருது?” என்றாள்.

அடுத்த எண்காரியை எனக்கு நினைவிருந்தது. அவளுக்குப் போன வருஷமே எங்கள் மூலம் கல்யாணம் முடிந்துவிட்டது. பிள்ளை வீட்டார் விசாரித்தபோது, ஒன்றுமில்லை என்று போனில் சொன்னவளும் நான்தான். கம்ப்யூட்டரில் அவள் எண்ணில் ஒன்றுமில்லையே.

சொன்னேன். அவள் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தாள்.

“அவங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாது. அவளே சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கலாம்.”

“என் பேர்ல இருக்கறதை அழிச்சிடுங்க,” என்றாள். “அவங்க பேர்ல எழுதாதீங்க.”

“அது சரியா?”

“சரியான்னு தெரியலை. ரெண்டு வருசம் அதோட இருந்தது நான். சொல்றதுன்னா அவங்களே சொல்லட்டும், நாம சொல்ல வேணாம்.”

மயிலாப்பூருக்குத் திரும்பியதும் இரண்டு கம்ப்யூட்டர்களிலும் அவள் பெயரிலிருந்த குறிப்பை அழித்தேன். அடுத்த எண்ணில் எதுவும் எழுதவில்லை. பிறகு அலமாரியிலிருந்து அந்தக் கல்யாணமானவளின் கவரை எடுத்து, பென்சில் எழுத்தை ரப்பரால் தேய்த்தேன்.

“என்னம்மா அழிக்கறே?” என்றார் மாமா.

“தப்பா எழுதியிருந்தது மாமா,” என்றேன்.