உருக்கிக் கட்டிய கட்டணம்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பொன்விழாவுக்குப் பழைய மாணவர் சங்கம் வெள்ளிக்காசு வெளியிட்டது. அதை விற்கிற லாபத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதாக ஏற்பாடு. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் லட்சுமி. படிப்புக்கும் லட்சுமிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சரஸ்வதியைப் போட்டால் விருதுநகர் பஜாரில் யார் வாங்குவார்கள்?

லட்சுமியும் விலைபோகவில்லை. முதலாளிமார்கள் ஆளுக்கொன்று வாங்கிப் பூஜை அறையில் வைத்ததோடு சரி. கடைசியில் உதவிக்குத் தேர்வாகியிருந்த என்னை மேடைக்கு அழைத்து, பணத்துக்குப் பதிலாக ஆறு காசுகளைக் கையில் கொடுத்துக் கைதட்டினார்கள். கட்டணம் கட்ட இரண்டே நாள்தான் இருந்தது. எனக்கு அழுகை முட்டியது. புகைப்படத்தில் என்னவோ சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

நானும் அம்மாவும் கடை கடையாக ஏறி இறங்கினோம். "எங்ககிட்டயும் ஒண்ணு கெடக்கே" என்றார்கள். கடைசி நாள் மூன்று மணிக்கு ஒரு நகைக்கடைக்காரர் மட்டும் வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"ஆனா உருக்கித்தான் எடுப்போம் தாயி. சம்மதமா?"

அம்மா காசுகளைச் சட்டென்று மூடிக்கொண்டாள். அவள் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துகிறவள். சாயங்காலம் முழு உடம்போடு திரும்ப வேண்டும் என்று லட்சுமி படத்திடம் கேட்டுவிட்டுத்தான் தினமும் வாசலைத் தாண்டுவாள்.

"என்னயத் தீயில இருந்து காப்பாத்துறவ அண்ணாச்சி அவ. அவளத் தீயில போடச் சொல்றீகளா?"

"அஞ்சு மணிக்குக் காலேசுல மூடிருவாகம்மா" என்றேன்.

"அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்."

அடுத்த வருடம் என்று சொல்லிப் படிப்பை விட்ட என் தோழிகள் எல்லாம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெற்றவள் என்றும் பார்க்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆறு காசையும் பிடுங்கித் தராசில் போட்டேன். கட்டணம் கட்டியாயிற்று.

மறுநாள் காலையில் அம்மா படத்தின் பக்கம் திரும்பாமலே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"கும்பிடலையாம்மா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கும்பிட?"

மூன்று வருடம் படித்தேன். எங்கோ வெடிச்சத்தம் கேட்டால் வகுப்பில் எல்லோரும் எந்த ஊர் என்று போனைப் பார்ப்பார்கள். எனக்குப் போனைத் தொடக் கை வராது. அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது நான் செய்த வேலைதான்.

படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மா இன்னும் கம்பெனிக்குப் போகிறாள், கும்பிடாமல்தான். அவள் வீடு திரும்பும்வரை நான் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.