கப்பலைத் திருப்பிய குரல்

எண்ணூர் கடலுக்கடியில் எங்கே பாறை, எங்கே மணல் என்று ஒலியை அனுப்பி வரைபடம் எடுக்கும் கப்பல் அது. அதற்கு முன்னால் காவல் படகில் போய், வலை போட்டிருப்பவர்களை விலகச் சொல்வது என் வேலை. கூச்சத்தால் கையை மட்டும் ஆட்டுவேன்.

ஒரு காலையில் மீனவர் ஒருவர் கத்தினார். "மாமு, புது வலை உள்ள கீது! இன்னா கையாட்டிகினு நிக்கிற? கப்பலாண்ட சொல்லு!"

கப்பல் இழுத்துவரும் கருவியின் கம்பி வலையை அறுத்துவிடும். வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"வலை கீது சார். கப்பல திருப்புங்க!"

"சரிண்ணே. இந்த இடத்தை அப்புறம் அளந்துக்கறோம்" என்றது ஒரு பெண் குரல்.

அவ்வளவு பெரிய கப்பல் மெல்ல வளைந்து விலகியது. மீனவர் சிரித்தார். "இவ்ளோ நாளு இந்தக் குரல எங்க வெச்சிருந்த நைனா?"

என் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கேட்கிறார்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.