கலியமூர்த்தி சாரின் உள்ளங்கால்

செய்தி எனக்கு அறுப்பு மிஷின்காரர் வழியாகத்தான் வந்தது. தை மாதம், காலை ஒன்பது மணி. பள்ளிக்கூடத்தில் வழிபாட்டுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். போனை எடுத்தால், "அய்யா, கலியமூர்த்தி சார் வயல்ல மிஷின இறக்கவா வேணாமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? அவங்க வீட்டுல யாரும் போன எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார். நான் சாரின் மகளுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் "அய்யா" என்று மட்டும் சொன்னாள். மிஷின்காரரைத் திரும்ப அழைத்து, இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவர் அவர். உங்களில் பலருக்கு அவர் கெமிஸ்ட்ரி சார். தேர்வில் தோற்ற பையன் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்ததையும், சண்டை போட்டுக்கொண்ட இரண்டு ஊரைச் சமாதானப்படுத்தியதையும் இந்த நினைவு மலரில் நீங்கள் எழுதுவீர்கள். எல்லாம் உண்மை. நான் எழுதப்போவது அவருடைய காலைப் பற்றி. ஐம்பத்து மூன்று வயதில் அந்த ஆள் எப்படிச் செத்தார் என்று இழவு வீட்டில் ஆளாளுக்கு ஒன்று பேசினீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மூன்று வருடங்களுக்கு முன் பள்ளியில் மருத்துவ முகாம் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பார்த்து முடித்தபின் ஆசிரியர்களும் விரலை நீட்டினோம். எனக்குச் சர்க்கரை, அவருக்கு என்னைவிட அதிகம். மறுநாளே இருவரும் கல்லணைக் கால்வாயான புது ஆற்றின் கரையில் காலை நடை என்று முடிவு செய்து, ஒன்பது நாள் நடந்தோம். பத்தாவது நாள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. சார் நாற்றங்காலுக்குப் போய்விட்டார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிகள் இரண்டு பேருடைய பங்கையும் சேர்த்து அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வரப்புல நடக்குறது நடையில்லையாய்யா? கவர்மெண்டு ஆத்தங்கரையில நடந்தாத்தான் கணக்குல சேருமா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். நானும் அதோடு நிறுத்திவிட்டேன். அவர் சொன்ன ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். "தண்ணி இருக்கும்போது உடம்பைப் பாக்க நேரமில்ல. தண்ணி இல்லாதப்ப மனசு இல்ல." எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தொட்ட எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவருக்குப் பாதத்தில் மதமதப்பு வந்தபோது தஞ்சாவூரில் ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். தெரிந்தால் சொல்ல வேண்டும். முதலில் எனக்குப் பார்த்தார். எனக்குப் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. அப்புறம் சார் படுத்தார். "தெரியுது" என்றார். "தெரியுது, தெரியுது" என்றார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் இழையை எடுத்துக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தபோதும் அவர் "தெரியுது" என்றுதான் சொன்னார். இருபது வருடம் பிள்ளைகளின் பித்தலாட்டத்தைக் கண்டுபிடித்த மனிதர், முதல் தடவையாகக் காப்பியடித்து மாட்டிக்கொண்டார். மருத்துவர் சிரிக்கவில்லை. "வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்கக் கூடாது. தினமும் உள்ளங்காலைப் பாக்கணும். முள்ளு குத்துனாலும் உங்களுக்குத் தெரியாது" என்றார். சார் மெதுவாக, "வயல்ல?" என்று கேட்டார். "வயல்லயும்தான்." அன்றைக்கே இருவரும் ஒரே கடையில், ஒரே எட்டாம் நம்பரில், சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம்.

உள்ளங்காலைப் பார்ப்பது சொல்வது மாதிரி சுலபமில்லை. எங்கள் இருவருக்கும் தொப்பை, இருவருக்கும் வெள்ளெழுத்து. மனைவியிடம் காட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "மல்லிகா பாத்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடும். நடவு என்னாகுறது?" என்றார். கடைசியில் அவரே வழியும் சொன்னார். "என் கால நீங்க பாருங்க. உங்க கால நான் பாக்குறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், லேப்ல, கதவச் சாத்திக்கிட்டு."

முதல் வெள்ளிக்கிழமை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் மடியைத் தட்டிக்காட்டி, "வைங்கய்யா" என்றார். என்னால் காலைத் தூக்க முடியவில்லை. காரணம் அவருக்கும் தெரியும். அவர் தாத்தாவின் வயலில் என் அப்பா நாற்றுப் பறித்தவர். அவர்கள் தெருவைக் கடக்கும்போது என் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அந்தத் தெருவில் பிறந்தவர் மடியில் நான் காலை வைப்பதா? "வேணாம் சார்" என்றேன். அவர் அதைப் பற்றிப் பெரிதாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. "வைங்கய்யா, மணி அடிச்சுரும்" என்றார். நானே வைக்காததால் குனிந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, லேபில் இருந்த பூதக்கண்ணாடியால் விரல் இடுக்கு உட்பட எல்லாம் பார்த்தார். எனக்குக் கண் கலங்கியது. அவர் நிமிரவேயில்லை.

ஒன்றரை வருடம் இது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என் குதிகாலில் கருவேல முள் ஒன்று ஒடிந்து உள்ளே இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். எனக்கு அது குத்தியதே தெரியாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லச் சொல்ல, தனக்கும் எனக்கும் அரைநாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டு, தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அன்றைக்கே எடுக்க வைத்தார். "உங்க காலு என் டிபார்ட்மெண்டு. நீங்க பேசப்படாது" என்றார். இன்றைக்கு எனக்கு இரண்டு கால் இருக்கிறதென்றால் அது அவரால்.

ஆனால் அவர் வயலுக்குப் போனால் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் இறங்குவார். அதில் மட்டும் யார் சொல்லும் எடுபடவில்லை. "நெல்லு நிக்கிற இடத்துல செருப்போட இறங்குறதா? அது என்னால ஆகாது." தம்பி சிங்கப்பூரிலிருந்து முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கி அனுப்பினான். அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் இறங்கினார். நாலாவது அடியில் சேறு பூட்ஸை இழுத்துக்கொள்ள, ஆள் குப்புற விழுந்தார். நடவு ஆட்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "சார், நாத்துக்குப் பதிலா நீங்களே நட்டுக்கிட்டீங்க" என்று ஒரு அம்மாள் சொன்னாராம். அதை அவர்தான் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பூட்ஸ் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டது. அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் கடன் வாங்காமல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரு ஏக்கர் இருக்கிறது. அப்பன் கூலிக்கு நட்ட ஊரில் எனக்கென்று ஒரு வயல். அதில் நானும் வெறுங்காலோடுதான் இறங்குகிறேன்.

இனி எழுதப்போவதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. போன புரட்டாசியில் சம்பா நடவு. முதல் வெள்ளிக்கிழமை சார் விடுப்பு. அவர் வயலில் நடவு. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்திருந்தார். நான் ஆசிரியர் அறையில் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டு என் வயலுக்கு ஓட வேண்டும், நாற்றுக்கட்டு வந்து இறங்கியிருந்தது. சார் வாசலில் வந்து நின்று, "அய்யா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடவு முடியட்டும் சார். அடுத்த வாரம் சேத்துப் பாத்துக்கலாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். "ஏதாச்சும் இருக்கா சார்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் முள்ளுக்கு அவர் அரைநாள் விடுப்பு எழுதினார். அவருக்கு நான் பத்து நிமிடம் கொடுக்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் செருப்பைக் கழற்றியதுமே எனக்கு நாற்றம் தெரிந்தது. வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு பொத்தல். பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு நத்தை ஓட்டுத் துண்டு. சுற்றிலும் கறுத்துப்போயிருந்தது. "எப்ப சார் பட்டுச்சு?" என்றேன். "தெரியலையேய்யா" என்றார். பொய் சொல்கிற முகமில்லை அது. நான் அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

முதலில் இரண்டு விரல் போனது. பிறகு கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். பார்க்கப் போனபோது தலையணையில் சாய்ந்துகொண்டு, "அய்யா, இனிமே ஒரு காலுதான். உங்க வேலை பாதியாக் கொறஞ்சுபோச்சு" என்றார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. என் மேல் வந்த கோபத்தைத் தாங்க முடியாமல்தான் அவர் மேல் கோபப்பட்டேன் என்று நினைக்கிறேன். கார்த்திகையில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் களை எடுப்பையும் உரத்தையும் பார்த்துக்கொண்டார். மார்கழியில் வெட்டிய இடத்தில் மறுபடி சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. தையில் அவர் நட்ட நெல் முற்றியிருந்தது, அவர் இல்லை.

அவர் இறந்தபின் பள்ளியில் ஆசிரியர்களுக்கு யோகா வகுப்பு ஏற்பாடு செய்தார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் உடம்புக்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வந்தவர் பேசினார். நல்ல பேச்சு. முதல் நாள் பதினாறு பேர் பாய் விரித்தோம். இரண்டாம் நாள் ஐந்து பேர். மூன்றாம் நாள் யோகா ஆசிரியர் தனியாக உட்கார்ந்திருந்தார். எல்லாருடைய வயலிலும் அறுப்பு. உங்களை யாரையும் குறை சொல்லவில்லை, அந்த ஐந்து பேரில் நானும் இல்லை. நாமெல்லாம் படித்தவர்கள். எது நல்லது என்று நமக்குத் தெரியாமல் போகவில்லை. தெரிந்து என்ன ஆனது?

கருமாதியன்று மல்லிகா அம்மா ஒரு பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே அவருடைய எம்.சி.ஆர். செருப்பு. வரப்பிலேயே கிடந்து கிடந்து, தேயாமல் கிட்டத்தட்ட புதிதாக இருந்தது. "ஒரே அளவுன்னு சொல்வாங்க. நீங்களாச்சும் போட்டுக்குங்கய்யா" என்றார்கள். பிறகு, "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீங்க பாப்பீங்கன்னுதான் நான் பாக்காம வுட்டுட்டேன்" என்றார்கள். அதில் குற்றம்சாட்டுகிற தொனி ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால் அந்தச் செருப்பைச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேற்று மாலை அதைப் போட்டுக்கொண்டுதான் என் வயலுக்குப் போனேன். கதிர் எந்த அளவுக்குக் காய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வரப்பில் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இறங்கினேன். கழற்றியது எனக்கே தெரியவில்லை. திரும்பி வந்து அதைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கொல்லையில் காலைக் கழுவிவிட்டு, சவரம் செய்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். இடது பாதத்தில், விரல்களுக்குக் கீழே, ஒரு கீறல். வாய் பிளந்து, உள்ளே மண் காய்ந்து இருந்தது. நேற்றுப் பட்டதில்லை. எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாது.

"அங்க என்ன குனிஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன், சார் சொன்ன மாதிரியே. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன். நாளை மறுநாள் மிஷின் வருகிறது.